ஊவாத் தோட்டங்களும் ஜனாதிபதித் தேர்தலும்

2015ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டம் மைத்திரிபால சிறிசேனவுக்கு 249,524 வாக்குகளையும் மஹிந்த ராஜபக்ஷவுக்கு 249,243 வாக்குகளையும் அளித்தது. ஐந்து இலட்சம் பேர் புள்ளடியிட்ட மாவட்டத்தில் வித்தியாசம் 281. நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் இரண்டு லயங்கள் மனம் மாறியிருந்தாலே முடிவு புரண்டிருக்கக்கூடும்.

இதுவே அமெரிக்காவாக இருந்திருந்தால், 538 தேர்வாளர்களில் 270 பேரைச் சேர்ப்பவரே ஜனாதிபதி என்பதாலும், பெரும்பாலான மாநிலங்கள் தம் தேர்வாளர் அனைவரையும் முதலிடம் பெற்றவருக்கே ஒப்படைப்பதாலும், பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் கொட்டுவதுபோலக் கட்சிகள் தம் பணத்தையெல்லாம் பதுளையில் கொட்டியிருக்கும். இலங்கையிலோ ஜனாதிபதித் தேர்தலுக்கு நாடு முழுவதும் ஒரே தொகுதி. பதுளையில் மிஞ்சிய 281, தேசியக் கணக்கிலும் 281தான். அப்படியிருக்க, அபேட்சகர்கள் பசறைக்கும் ஹப்புத்தளைக்கும் மலையேறி வருவானேன்? தோட்டத்து வாக்கை ஆள் ஆளாகக் கேட்டுப் பெற வேண்டியதில்லை, தொழிற்சங்கத் தலைவர் ஒருவரோடு பேசி முடித்தால் மொத்தமாக வந்து சேரும் என்று கொழும்பில் நெடுங்காலம் வேரூன்றியிருந்த நம்பிக்கையே அதற்குக் காரணம்.

அந்த நம்பிக்கைக்கு விதை போட்டது, வாக்குரிமை பறிபோன காலம். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலைநாட்டில் ஆசனங்களை வென்றதும், வேறு தொகுதிகளில் தோட்ட மக்களின் ஆதரவு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்ததும் ஆளுங்கட்சியைக் கலங்கச் செய்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், மறு ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அம்மக்களின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. இதில் ஒரு விநோதம் உண்டு: 1959ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தின்போது நாடற்றோரான இவர்களும் ஜனத்தொகையில் சேர்த்தெண்ணப்பட்டதால், தோட்டத்தான் தலையைக் கணக்கிட்டு உருவான ஆசனத்துக்கு அயலிலிருந்த கிராமத்தானே வாக்களித்தான். 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு பேச்சுக்கென ஒதுக்கி வைத்தது. இப்படி எந்த ராஜ்யத்துக்கும் சொந்தமில்லாமல் நின்றவனுக்குச் சங்கமே கச்சேரி, சங்கமே கோர்ட்டு, சங்கமே பாராளுமன்றம். செக்றோலில் மாதந்தோறும் பிடிக்கப்பட்ட சந்தாப் பணம் அவனுடைய ஒரே அரசியல் உரிமையாயிற்று என்று சொன்னால் மிகையன்று.

தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் சாமர்த்தியம், வாக்கில்லாத இக்கூட்டத்தின் வேலைநிறுத்த பலத்தை வாக்குக்கு ஈடாகக் காட்டிப் பேரம் பேசியது. 1978இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் மந்திரி சபையில் சேர்ந்த அவர், 1986 தைப்பொங்கல் தொட்டுத் தொழிலாளர் காலை வேளைகளில் மலைக்குப் போகாமல் கோயில்களில் கூடிப் பிரார்த்திக்கும் இயக்கமொன்றைத் தொடக்கிவைத்தார். துரைமார் பிரார்த்தனையைக் குற்றமென்று எப்படிச் சொல்வது! அவ்வாண்டும் 1988இலும் பிறந்த சட்டங்கள் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமையின் கதவைத் திறந்தன. 1988 டிசம்பர் 19ஆம் திகதி, வன்செயல்களுக்கிடையே நடந்த தேர்தலில் ரணசிங்க பிரேமதாச 50.43 சதவீதத்தில், பாதிக் கோட்டைச் சற்றே தாண்டி வென்றபோது, தோட்ட வாக்கின் மதிப்பு கொழும்பில் ஒரே நாளில் உயர்ந்தது.

பதுளை மாவட்டமென்றால் தோட்டம் மட்டுமே என்று கருதுவோருக்கு 1994ஐ நினைவூட்ட வேண்டும். சந்திரிகா குமாரதுங்க நாட்டின் 160 தேர்தல் தொகுதிகளில் 159ஐ வென்ற அவ்வாண்டில், அவர் தோற்ற ஒரே தொகுதி இம்மாவட்டத்து மஹியங்கனை. துரித மகாவலித் திட்டத்தை நடத்திய மந்திரி காமினி திசாநாயக்க குண்டுவெடிப்பில் மாண்டபின் அவர் ஸ்தானத்தில் நின்ற மனைவியார் ஸ்ரீமாவுக்கு, மகாவலி நீர் பாயும் அம்மண்ணின் சிங்களக் குடியேற்றவாசிகள் அளித்த வாக்கு அது. மேலே தேயிலை, கீழே நெல் என்று இரண்டு உலகங்களைக் கொண்ட மாவட்டம் இது.

தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சின்னம் சேவல். தோட்டத்துக் கிழவிக்கும் தெரிந்த சின்னம் அதுவே. ஆனால் ஜயவர்தன, பிரேமதாச காலம் கழிந்து காங்கிரஸ் பலரோடு பேரம் பேசியபோது, ஜனாதிபதித் தேர்தல் தோறும் பிரட்டுக்களத்தில் தோட்டத் தலைவர் நின்று, "இந்தத் தடவை நம்ம சேவல் இருக்காது" என்று தொடங்கி வேறொரு சின்னத்தைப் போதிக்க வேண்டியிருந்தது. 2005இல் யானை; 2010இலும் 2015இலும் மஹிந்தவின் வெற்றிலை; 2019இல் தாமரை மொட்டு; 2024இல் எரிவாயு சிலிண்டர். யானைக்குப் பதுளை சம்மதித்தது. ரணில் விக்கிரமசிங்க நாட்டில் 180,786 வாக்குகளால் தோற்ற அத்தேர்தலில் இம்மாவட்டத்தை வென்றார். 2010இல் பதுளை வெற்றிலைக்கு இசைந்தாலும், காங்கிரஸின் தலைவாசலான நுவரெலியா மாவட்டமே சரத் பொன்சேகாவின் அன்னத்துக்கு வாக்களித்துத் தலைமையைத் திகைக்க வைத்தது.

2014 செப்டம்பர் 20ஆம் திகதி நடந்த ஊவா மாகாண சபைத் தேர்தலை எல்லாக் கட்சிகளும் ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒத்திகையாகவே நடத்தின. அதற்கு முன்னதாகப் பதுளையின் ஆசனங்கள் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டு, ஆளுங்கட்சி வலுத்திருந்த மொனராகலையின் 11 ஆசனங்கள் 14ஆக்கப்பட்டன. இந்த எண்கணித விளையாட்டை எதிர்க்கட்சிகள் வன்மையாகக் கண்டித்தன. ஐக்கிய தேசியக் கட்சி, ஹரின் பெர்னாண்டோவைப் பாராளுமன்ற ஆசனத்தைத் துறக்கச் செய்து முதலமைச்சர் வேட்பாளராக நிறுத்தியது. ஆளுங்கட்சி வென்றது, ஆயினும் 2009இல் 72.39 சதவீதமாயிருந்த அதன் பங்கு 51.25 ஆகச் சரிந்தது. ராஜபக்ஷவை வீழ்த்த முடியும் என்ற தைரியம் எதிர்க்கட்சிகளுக்குப் பிறந்த இடம் ஊவா என்றே நான் கருதுகிறேன். அடுத்த மாதம் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்சரிவு அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மாற்றுக் குடியிருப்புக் கிடைக்காத அம்மக்களின் கதை தோட்டந்தோறும் பரவியிருந்த வேளையில், காங்கிரஸுக்கு வெளியேயிருந்த தமிழ்த் தலைவர்களான மனோ கணேசனும் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் மைத்திரிபாலவின் அன்னத்துக்காக மேடையேறினர். காங்கிரஸ் வெற்றிலையோடு நின்றது. விளைவு அந்த 281.

2019இல் மாவட்டம் கோட்டாபய ராஜபக்ஷவிடம் திரும்பியது. நாட்கூலியை ஆயிரம் ரூபாயாக்கும் வாக்குறுதி ஒலித்த அத்தேர்தலுக்குப்பின் அத்தொகை சட்டப்படி கைக்கு வர 2021 ஆயிற்று. 2024 செப்டம்பரில் காங்கிரஸ் ரணிலின் சிலிண்டரைக் காட்ட, பதுளை சஜித் பிரேமதாசவின் தொலைபேசியை முதலிடத்தில் வைத்தது. இரண்டு மாதங்கூட ஆகாமல் நவம்பரில் வந்த பொதுத் தேர்தலிலோ, ஊவாத் தோட்டங்களில் எந்தப் பெரிய சங்கத்தின் பலமும் இல்லாத தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தை வென்று, அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் என்ற மலையகத் தமிழர் இருவரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.