பட்டம் பெற்ற பின்: மாநிலக் கல்லூரி வாசலில் நான்கு முடிவுகள்

ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், பட்டம் பெற்ற பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுதான் நடக்கிறது. மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா? அண்மையில் நம் நண்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். இயற்பியலில் இளங்கலை முடித்த பெண். முதுகலையில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். வங்கித் தேர்வு எழுதட்டும் என்பது தந்தையின் எண்ணம். இரண்டிலும் நியாயம் இருந்ததால் நம்மால் உடனே தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. நாம் அறிந்த பழைய வரலாற்றைச் சொன்னோம். அன்று சொன்னவற்றையே சற்று ஒழுங்குபடுத்தி இங்கே பதிகிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அடுத்த அரை நூற்றாண்டில், பி.ஏ. பட்டம் என்பது அரசு அலுவலகத்தின் கதவைத் திறக்கும் திறவுகோலாகவே பெரும்பாலான குடும்பங்களுக்குத் தோன்றியது. திறவுகோல் கைக்கு வந்த பிறகும் ஏன் படிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறைகள் அளித்த விடைகளைப் பார்ப்போம்.

சி.வி. இராமன் 1904-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தபோது அவருக்கு வயது பதினாறுகூட நிறையவில்லை. இங்கிலாந்துக்குச் சென்று படிக்கலாம் என்று ஆசிரியர்கள் கருதினர். அவரைப் பரிசோதித்த மருத்துவரோ, அந்நாட்டுக் குளிரை இந்த உடல் தாங்காது என்று கூறிவிட்டார். ஆகவே அதே கல்லூரியில் எம்.ஏ. சேர்ந்தார். பேராசிரியர் ஜோன்ஸ் அவரை வகுப்புக்கு வரும்படி வற்புறுத்தவில்லை. ஆய்வகத்தில் விருப்பம்போல் உலவ விட்டார். அந்த விடுதலையின் பயனாக, இராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1906 நவம்பரில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அப்போது அவர் இன்னும் மாணவர்தான்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் என்ன செய்தார்? 1907-இல் எம்.ஏ. முடித்த கையோடு நிதித்துறைத் தேர்வெழுதி முதலிடம் பெற்றார். கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாகச் சேர்ந்தார். தமையனார் சுப்பிரமணிய ஐயர் முன்பே சென்ற வழி அது. அறிவியலை வைத்துப் பிழைக்க அன்றைய இந்தியாவில் வழி அரிது என்பதை இராமன் அறிந்திருந்தார். பகலில் அலுவலகம், காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலான காலம் நீங்கலாக, 1917 வரை இப்படியே கழிந்தது. அவ்வாண்டில்தான் ஊதியம் குறைவு என்று தெரிந்தும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பயிற்சிக்காக வெளிநாடு செல்ல மாட்டேன் என்று இராமன் மறுத்துவிட்டார். விதிதான் வளைந்தது.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். சுப்பிரமணிய ஐயரின் மூத்த மகன் சந்திரசேகர். அவர் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்று தந்தை விரும்பினார். கணிதத்தில் மூழ்க நினைத்த மகன், தந்தைக்காக இயற்பியல் ஆனர்ஸ் எடுத்துக்கொண்டு, கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்துவந்தார். 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, பதினெட்டு வயதும் நிறையாத அம்மாணவர் அவரைத் தேடிச் சென்று பேசினார். நீ கற்றிருக்கும் இயற்பியல் பழையதாகிவிட்டது என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. மனம் சோர்ந்தாலும் புதியதைப் படிக்கத் தொடங்கினார். மறு ஆண்டே இலண்டன் ராயல் கழக இதழில் அவர் கட்டுரை வந்தது. 1930-இல் கேம்பிரிட்ஜ் செல்ல இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது.

அப்போது அவருடைய தாயார் சீதாலட்சுமி நோய்ப்படுக்கையில் இருந்தார். இப்செனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் இவர் என்பதை இலக்கிய வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற தாயை இந்நிலையில் விட்டு மூத்த மகன் கடல் கடப்பதா என்று சுற்றத்தார் தயங்கினர். போய் வா என்று வற்புறுத்தியவர் தாயார்தான். 1930 ஜூலை இறுதியில் சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறினார். வெண்குறுமீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்னும் கணக்கை அந்தப் பயணத்தில்தான் போட்டார். 1931 மே மாதத்தில் தாயார் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். 1983-இல் கிடைத்த நோபெல் பரிசைப் பற்றிப் பேசும் நாம், அந்த மேற்படிப்பின் விலையில் இதுவும் அடங்கும் என்பதைச் சொல்லாமல் விடுவதுண்டு.

இனி, விதிகளைப் பற்றிய இரண்டு நிகழ்ச்சிகள். இரண்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை.

இராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், பட்டமே இல்லாதவர். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். மறு ஆண்டு, வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய குறிப்பேட்டைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். ஆய்வு உதவித்தொகை எம்.ஏ. பட்டதாரிகளுக்கே உரியது. இருந்தும், தனி ஏற்பாடாக மாதம் 75 ரூபாய் அவருக்கு வழங்கப்பட்டது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அன்னா மாணியின் முறை வந்தது. திருவிதாங்கூரின் பீருமேட்டில் 1918-இல் பிறந்தவர். அவர் குடும்பத்தில் எட்டாம் பிறந்தநாளில் பெண் பிள்ளைகளுக்கு வைரத்தோடு அணிவிப்பது வழக்கம். இவரோ தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். மாநிலக் கல்லூரியில் 1939-இல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்து, 1940-இல் பெங்களூரில் இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அணிய மறுத்த வைரமே அங்கு அவருடைய ஆய்வுப்பொருளாயிற்று! வைரத்தின் ஒளிர்வைப் பற்றி இரவும் பகலும் உழைத்து, தனியாக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று கூறிப் பட்டம் மறுக்கப்பட்டது. இம்முறை விதி வளையவில்லை.

அவர் அதனோடு நின்றுவிடவில்லை. வானிலைக் கருவிகளைக் கற்க அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். 1948-இல் திரும்பி, வாக்கர் ஒருகாலத்தில் தலைமை தாங்கிய அதே வானிலைத் துறையில் சேர்ந்து, 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். முனைவர் பட்டம் இல்லாதது தம் வாழ்வில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். அவருக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் வைரத்தை விட்டு வானிலைக்கு அவர் போனது விரும்பிச் செய்த தேர்வு அன்று. அப்போது கிடைத்த உதவித்தொகை அதற்கு மட்டுமே இருந்தது.

நண்பரின் மகள் இதுவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நான் படிக்கலாமா, கூடாதா?" என்றாள். நாம் கருதுவது இதுதான். இராமனுக்கு எம்.ஏ. ஆண்டுகள் பயன்பட்டது, அவர் கையில் ஏற்கெனவே ஒரு கேள்வி இருந்ததால். வேலைக்குப் போனபோதும் அக்கேள்வியை அவர் விடவில்லை. ஆகவே சம்பளம் அறிவுக்குப் பகை என்று நாம் சொல்ல மாட்டோம். கேள்வி ஏதும் இல்லாமல், முடிவை இரண்டாண்டு தள்ளிப்போடுவதற்காக மட்டும் முதுகலையில் சேர்பவர்களுக்கு, அதே முடிவு இரண்டாண்டு கழித்து வாசலில் நிற்கும். அதேசமயம், திறமை இருந்தால் பட்டம் எதற்கு என்பவர்கள் இராமானுஜனைக் காட்டும்போது அன்னா மாணியையும் நினைக்க வேண்டும். விதி யாருக்காக வளையும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஆய்வே பாதை என்று தெளிந்தவர், குறிப்பாகப் பெண்கள், அந்தத் தாளை உரிய காலத்தில் பெற்று வைத்துக்கொள்வது நல்லது.

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மகளிடம், "உன் கேள்வி என்ன?" என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். நமக்குப் பாதிதான் விளங்கியது. தந்தைக்கு அதுவும் விளங்கியிராது. ஆயினும் அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.