மஞ்சள் கிழங்கு அழுகல் நோய்

மஞ்சள் பயிரை மண்வழியே தாக்கும் நோய்களுள் கடுமையானது. பித்தியம் பேரினத்தைச் சேர்ந்த, பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகளால் உண்டாகிறது. ஈரோடு, சேலம் உள்ளிட்ட மஞ்சள் விளையும் பகுதிகளில் காணப்படுகிறது.

அறிகுறிகள்: அடி இலைகளின் ஓரம் முதலில் மஞ்சளாகிக் காயும். தண்டின் அடிப்பகுதி நீர் கோத்து மென்மையாகும், செடி சாயும். வேர்கள் குறைந்து, கிழங்கின் ஆரஞ்சு நிறம் பழுப்பாக மாறி அழுகும்.

பரவல்: நீர் தேங்கிய மண்ணில் நோய்க்கிருமியின் நீந்தும் வித்துகள் வேரை அடைகின்றன. தடித்த சுவருடைய வித்துகள் மண்ணில் நெடுநாள் உயிர்வாழும். மஞ்சள் விதையின்றிக் கிழங்கால் பெருக்கப்படுவதால், நோயுற்ற விதைக்கிழங்கு நோயைப் புதிய வயலுக்கும் கொண்டுசெல்லும். நூற்புழுக்கள் வேரில் உண்டாக்கும் காயங்களும் தொற்றுக்கு வழி திறக்கும்.

தொடர்புடைய பயிர்கள்: இஞ்சியின் மென் அழுகலுக்கும் பித்தியமே காரணம், ரால்ஸ்டோனியா பாக்டீரியா இஞ்சியில் வாடல் நோயை உண்டாக்குகிறது. ஏலக்காயிலும் கிழங்கு அழுகல் உண்டு. மிளகின் வாடல் நோய்க்கு ஃபைட்டோப்தோரா காரணம்.

மேலாண்மை: நலமான விதைக்கிழங்கைத் தேர்ந்து, லிட்டருக்கு 3 கிராம் மான்கோசெப் கலந்த கரைசலில் 30 நிமிடம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி நடவேண்டும். மேட்டுப்பாத்தி, வடிகால், பயிர்ச்சுழற்சி, தொழுவுரத்துடன் டிரைக்கோடெர்மா இடுதல் ஆகியவை நோயைக் குறைக்கும். முற்றிலும் அழுகிய கிழங்கை மீட்க இயலாது. எனவே வருமுன் காப்பதே வழி.