துரோகியின் பேரப்பிள்ளைகள்

போன இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. திங்கட்கிழமை தீசிஸ் அத்தியாயம் கொடுக்கணும். நான் என் அறையில் கணினியோடு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். பக்கத்து அறையில் கால்பந்து ஓடுது. திடீர்னு ஓர் அலறல்: "வூக் பிராங்கோவிச்!"

என் அறைத்தோழன் செர்பியாக்காரன். யாரோ கோல் போட்டுட்டான் போலன்னு எட்டிப் பார்த்து, "யாருடா அந்த வூக், எந்த டீம்?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... "வூக் ஆட்டக்காரன் இல்லை. துரோகி. 1389-ல காட்டிக் கொடுத்தவன்." விஷயம் இதுதான். போன சீசன் வரைக்கும் இவன் டீமில் ஆடின ஒருத்தன் எதிர் டீமுக்குப் போய், இவங்களுக்கு எதிராவே கோல் போட்டுட்டான். அதுக்குத்தான் அறுநூறு வருஷப் பழசை இழுத்து வச்சு அர்ச்சனை. நாம 'எட்டப்பன்'னு சொல்ற மாதிரின்னு உடனே பிடிபட்டது.

அத்தோட விட்டிருக்கலாம். ஆனா தீசிஸ் எழுதுற காலத்துல தீசிஸைத் தவிர மத்த எல்லாமே சுவாரசியமா இருக்குமே :-) நூலகத்தில் பால்கன் அலமாரியில் போய் உட்கார்ந்தவன்தான். ஈஸ்டர் விடுமுறையில் அவன்கூட செர்பியாவுக்கே போய்ட்டு வந்தேன். அந்தப் பிராங்கோவிச் குடும்பத்தின் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

செர்பியாவின் பொற்காலம் என்றால் ஸ்டெஃபான் துஷான் காலம். 1346-ல் ஸ்கோப்யேயில் பேரரசனாக முடிசூடிக்கொண்டவர். பாதி பால்கன் அவர் கையில். அவருக்குக் கீழே ஓரித் நகரத்தை ஆண்ட பிரபு பிராங்கோ மிளாதெனோவிச். குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். 1355-ல் துஷான் இறந்ததும் பேரரசு சீட்டுக்கட்டு மாதிரி சரிய ஆரம்பித்தது. 1371-ல் மரித்சா ஆற்றங்கரையில் தெற்கத்திப் பிரபுக்கள் துருக்கியரிடம் தோற்றார்கள். அதே வருஷம் துஷானின் மகனும் வாரிசில்லாமல் இறந்தார். அப்புறம் என்ன, அவரவர் கோட்டை அவரவருக்கு.

அந்தக் குழப்பத்தில் எழுந்து நின்ற இரண்டு பேர், இளவரசர் லாசரும் பிராங்கோவின் மகன் வூக்கும். லாசர் வடக்கே, வூக் கோசோவோவில். வூக்குக்கு லாசர் மாமனார். மகள் மாராவைக் கட்டிக் கொடுத்திருந்தார். பிரிஷ்டினா, வுசிதிரின், பிறகு ஸ்கோப்யே, பிரிஸ்ரென் என்று வூக்கின் கை நீண்டது. தன் பெயரிலேயே காசு அடித்தார். (இந்த இடங்களில் பெரும்பாலானவை இன்றைய கோசோவோவில். 2008-ல் கோசோவோ தனிநாடு என்று அறிவித்தது, செர்பியா இன்றுவரை ஏற்கவில்லை. அந்தப் பேச்சை என் வீட்டுச் சமையலறையில் எடுப்பதில்லை என்று ஓர் ஒப்பந்தமே இருக்கிறது.)

1389 ஜூன். கோசோவோ களம். லாசரும் வூக்கும் ஒரே அணியில். எதிரே சுல்தான் முதலாம் முராத். சுல்தானும் செத்தார், லாசரும் செத்தார். வூக் உயிரோடு திரும்பினார்.

அவர் செய்த குற்றம் அதுதான். உயிரோடு திரும்பினது.

பாட்டில், சண்டை மும்முரத்தில் வூக் தன் படையோடு விலகிப் போய்விடுகிறார், அதனால் லாசர் சாகிறார், செர்பியா வீழ்கிறது. தலைமுறை தலைமுறையாக இதைத்தான் பாடியிருக்கிறார்கள். ஆனால் வூக்கின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டும் அந்தக் காலத்து ஆவணம் ஒன்றுகூட இல்லை. துரோகி இவர்தான் என்று பெயரோடு அச்சில் வருவது 1601-ல், துப்ரோவ்னிக்கைச் சேர்ந்த மாவ்ரோ ஓர்பினி என்ற துறவி இத்தாலிய மொழியில் எழுதிய புத்தகத்தில். சண்டை முடிந்து இருநூத்துப் பன்னிரண்டு வருஷம் கழிச்சு!

சண்டைக்கு அப்புறம் நடந்ததைப் பாருங்க. லாசரின் விதவை மிலிட்சா அடுத்த வருஷமே புது சுல்தான் பாயசிதுக்குக் கப்பம் கட்ட ஒத்துக்கொண்டார். மகள் ஒலிவேரா சுல்தானின் அந்தப்புரத்துக்குப் போனாள். மகன் ஸ்டெஃபான் லாசரெவிச் சுல்தானின் படைத்தலைவர்களில் ஒருவரானார். 1396-ல் நிக்கோபோலிஸில் ஐரோப்பியச் சிலுவைப்படை நொறுங்கியதற்கு இவருடைய குதிரைப்படை சரியான நேரத்தில் துருக்கியர் பக்கம் பாய்ந்தது ஒரு முக்கியக் காரணம்.

வூக்? 1392 வரை பணியவில்லை. ஸ்கோப்யேவை இழந்த பிறகுதான் வேறு வழியில்லாமல் பணிந்தார். 1395-ல் ரோவினே, 1396-ல் நிக்கோபோலிஸ் என்று சுல்தானின் எந்தப் போருக்கும் போகவில்லை. கடுப்பான பாயசித் அவரைப் பிடித்து அடைத்து நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார். 1397-ல் சிறைப்பட்ட நிலையிலேயே வூக் செத்துப்போனார். பிடுங்கின நிலத்தில் பெரும்பகுதி யாருக்குப் போச்சு தெரியுமா? சுல்தானுக்காகச் சண்டை போட்ட மச்சான் ஸ்டெஃபானுக்கு.

ஸ்டெஃபானை நான் வில்லனாக்கவில்லை. நல்ல ஆட்சியாளர், கவிஞர், பெல்கிரேடைத் தலைநகராக்கியவர். அப்பா செத்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயசுதான் இருக்கும், அவரால் வேறென்ன செய்திருக்க முடியும். ஆனால் ஒருத்தர் வீரர், புனிதர். இன்னொருத்தர் எட்டப்பன் என்றால் மனசு ஒப்பவில்லை. லாசரைப் புனிதராக்கித் தியாகக் கதை எழுதின மடங்களும் அரசவையும் லாசரெவிச் பக்கம் இருந்தன. வூக் பக்கம் எழுத ஆள் இல்லை. நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

வூக்கின் மகன் ஜுராஜ். இவர்தான் குடும்பத்தை உச்சிக்குக் கொண்டுபோனவர். தாய்மாமன் ஸ்டெஃபானோடு முதலில் வெட்டு குத்து, 1402-ல் நேருக்கு நேர் சண்டையே போட்டார்கள். 1412 வாக்கில் சமாதானம். மாமனுக்குப் பிள்ளை இல்லை. 1426-ல் மருமகனையே வாரிசாக அறிவித்தார். அடுத்த வருஷம் ஸ்டெஃபான் இறந்ததும், துரோகி என்று பிற்காலம் தூற்றப் போகிற மனிதரின் மகன் செர்பியா முழுசுக்கும் தெஸ்பொத் ஆனார். (தெஸ்பொத் என்பது பைசாந்தியப் பட்டம், பேரரசருக்கு அடுத்த படி. சர்வாதிகாரி என்ற கெட்ட அர்த்தமெல்லாம் பிற்பாடு ஒட்டினது.)

ஆனால் பெல்கிரேடை ஹங்கேரிக்குத் திருப்பித் தரணும் என்பது ஒப்பந்தம். தலைநகரம் போச்சு. அதனால் தன்யூப் கரையில் ஸ்மெடெரெவோவில் புதுக்கோட்டை கட்டினார். நாங்கள் போனது இங்கேதான். ஒரு பக்கம் தன்யூப், இன்னொரு பக்கம் யெசாவா என்ற சின்ன ஆறு, முக்கோண வடிவக் கோட்டை. ஒரு கோபுரத்தில் செங்கல்லையே எழுத்தாகப் பதித்து ஜுராஜின் பெயரும் பைசாந்திய ஆண்டு 6938-உம், அதாவது 1430. கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கிட்டு இருந்தேன். 1941-ல் ஜெர்மானியர்கள் கோட்டைக்குள் குவித்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்து ஊரே சிதறியிருக்கிறது. அதையும் தாண்டி அந்த எழுத்து நிற்கிறது. கோட்டை கட்ட ஊர் ஜனங்களைக் கட்டாய வேலை வாங்கினார்களாம். அந்தப் பழியும் ராணி யெரினா தலையில். கிரேக்கத்துக்காரி, அந்நிய ஊர் மருமகள். இன்னிக்கும் பாட்டில் 'சபிக்கப்பட்ட யெரினா'. மாமனார் துரோகி, மருமகள் சூனியக்காரி... பாட்டுக்காரர்கள் இந்த வீட்டுக்காரங்களை விட்டு வைக்கவே இல்லை போல.

இதுக்கெல்லாம் காசு? நோவோ பிர்தோ என்ற மலைச் சுரங்க நகரம். தங்கம் கலந்த வெள்ளி அங்கே கிடைத்தது. 1433-ல் அந்த வழியா வந்த பர்கண்டி நாட்டுப் பயணி பெர்த்ராந்தோன் தெ லா புரோக்கியேர், அங்கிருந்து தெஸ்பொத்துக்கு வருஷம் இரண்டு லட்சம் தங்கக் காசுக்கு மேல் வருகிறது என்று எழுதி வைத்தார். சுல்தானுக்கும் ஹங்கேரிக்கும் ஒரே நேரத்தில் நாக்கில் எச்சில் ஊறினதுக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

இப்போ ஒரு படம். 1429-ல் ஆதோஸ் மலையின் எஸ்ஃபிக்மெனு மடத்துக்கு ஜுராஜ் கொடுத்த சாசனத்தில் குடும்பத்தையே வரைந்திருக்கிறார்கள். தெஸ்பொத், யெரினா, கிர்குர், ஸ்டெஃபான், லாசர் என்று மூணு பையன்கள், மாரா, கதரினா என்று ரெண்டு பெண்கள். எல்லாருக்கும் பட்டாடை. நூலகத்தில் இந்தப் படத்தை நகலெடுத்துக் கொண்டு வந்து என் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒட்டும்போது பாதிக் கதைதான் தெரியும்.

கதரினாவை 1434-ல் ஹங்கேரி பக்கத்துப் பெரும்புள்ளி, செல்யே பிரபு உல்ரிக்கிற்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாராவை 1436-ல் சுல்தான் இரண்டாம் முராதுக்கு. ஒரு பெண் இந்தப் பக்கம், ஒரு பெண் அந்தப் பக்கம். நடுவில் மாட்டின சின்ன நாட்டுக்காரன் போட்ட கணக்கு.

கணக்கு மூணு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1439-ல் மருமகன் முராதே வந்து ஸ்மெடெரெவோவை முற்றுகையிட்டார். உதவி தேடி ஜுராஜ் ஹங்கேரிக்குப் போயிருந்தார். மகன் கிர்குர் மூணு மாசம் தாக்குப் பிடித்து, அப்புறம் சரணடைந்தார். கிர்குரும் ஸ்டெஃபானும் சுல்தானின் பிடியில். அப்பாவோடு ரகசியக் கடிதத் தொடர்பு என்று குற்றச்சாட்டு. 1441 மே 8, அனத்தோலியாவின் தோகாத் கோட்டையில் இரண்டு பேர் கண்ணையும் பிடுங்கிவிட்டார்கள். உத்தரவு போட்டவர் சொந்த அக்கா தங்கை உறவில் மைத்துனர். மாரா அவர் அரண்மனையில்தான் இருந்தாள்.

இந்த இடம் படிச்ச அன்னிக்கு நூலகத்தில் அதுக்கு மேல உட்கார முடியல. எழுந்து வந்துட்டேன்.

1444-ல் சமாதானப் பேச்சு நடந்தது. மாரா ஊடாகத்தான் தூது. ஜுராஜுக்கு நாடு திரும்பக் கிடைத்தது, குருட்டு மகன்களும் வீடு வந்தார்கள். சில மாசத்தில் ஹங்கேரி ஒப்பந்தத்தை மீறி வார்னாவுக்குப் படை எடுத்தபோது ஜுராஜ் போகவில்லை. 1448-ல் ஹுன்யாதி கோசோவோவிலேயே மறுபடி சண்டை போட்டபோதும் போகவில்லை. தோற்று ஓடிவந்த ஹுன்யாதியைப் பிடித்து ஸ்மெடெரெவோவில் வைத்துப் பணம் வாங்கிக்கொண்டுதான் விட்டார். 'அப்பனைப் போல பிள்ளை' என்று பேச இது போதாதா. ஆனால் ரெண்டு குருட்டுப் பிள்ளைகளைத் தினமும் சாப்பாட்டு மேசையில் பார்க்கிற அப்பன் சிலுவைப்போருக்குக் கிளம்புவானா? எனக்குத் தெரியல, நீங்க சொல்லுங்க.

அதே 1448-ல் கான்ஸ்டான்டினோபிள் மதில் பழுதுபார்க்க ஜுராஜ் பணம் கொடுத்திருக்கிறார். கல்வெட்டு இருக்கிறது. ஐந்தே வருஷம் கழித்து, 1453-ல், அதே நகரை இரண்டாம் மெஹ்மெத் முற்றுகையிட்டபோது கப்பம் கட்டும் கடமைக்காக ஆயிரத்து ஐநூறு குதிரைவீரர்களை அனுப்பவேண்டி வந்தது. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினவர்களில் நோவோ பிர்தோ தொழிலாளர்கள் இருந்தார்கள்.

1455-ல் அந்த நோவோ பிர்தோவும் விழுந்தது. 320 பையன்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் கோன்ஸ்தந்தின் மிஹைலோவிச். பிற்பாடு எழுதிய நினைவுக்குறிப்பில் இதைச் சொல்கிறார்.

அப்புறம் எல்லாமே வேகம்தான். 1456 டிசம்பரில் ஜுராஜ் இறந்தார். கடைக்குட்டி லாசர் தெஸ்பொத். 1457 மே மாதம் அம்மா யெரினா இறந்த ராத்திரியே மாராவும் கிர்குரும் லாசருக்குப் பயந்து சுல்தானிடம் ஓடினார்கள். கண்ணைப் பிடுங்கினவரின் மகனிடம்! 1458 ஜனவரியில் லாசரும் போய்ச் சேர்ந்தார், ஆண் வாரிசு இல்லை. நாட்டைப் பார்த்துக்கொள்ள அமைந்த மூவரில் ஒருவர் மிஹைலோ ஆஞ்செலோவிச். அவருடைய கூடப்பிறந்தவர் மஹ்மூத் பாஷா அப்போது துருக்கிய சாம்ராஜ்யத்தின் முதன்மை அமைச்சர். (பால்கன் வரலாறு படிக்கிறப்போ இப்படி அடிக்கடி தலை சுத்தும்.) அவரை விரட்டிவிட்டு குருட்டு ஸ்டெஃபான் ஒரு வருஷம் ஆண்டார், அவரையும் விரட்டினார்கள். 1459 ஜூன் 20, ஸ்மெடெரெவோ சண்டையே இல்லாமல் திறந்துகொண்டது.

குருட்டு ஸ்டெஃபான் அல்பேனியா போய், ஆஞ்செலினா என்ற பிரபு குடும்பத்துப் பெண்ணை மணந்து, கடைசியில் 1476-ல் இத்தாலியில் செத்தார். அவர் மகன்கள் ஹங்கேரிக்குப் போய்ப் பெயரளவு தெஸ்பொத்துகளாக இருந்தார்கள். மூத்தவர் பட்டத்தை உதறிவிட்டு மக்சிம் என்ற துறவியாகி, ஃப்ருஷ்கா மலையில் க்ருஷெதோல் மடத்தைக் கட்டினார். இளையவர் யோவான் 1502-ல் இறந்ததோடு ஆண் வழி முடிந்தது. குருட்டு ஸ்டெஃபான், ஆஞ்செலினா, மக்சிம், யோவான் நாலு பேரும் செர்பியத் திருச்சபையில் புனிதர்கள்.

எனக்கு இந்தக் குடும்பத்தில் ரொம்பப் பிடித்தவர் மாராதான். 1451-ல் முராத் இறந்ததும், மெஹ்மெத் மரியாதையோடு அவரை அப்பா வீட்டுக்கு அனுப்பினார். உடனே பைசாந்தியத்திலிருந்து கடைசிப் பேரரசருக்குப் பெண் கேட்டார்கள். முடியாது என்றார். விடுதலை கிடைத்தால் இனி கல்யாணமே இல்லை என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டாராம். ஒத்துக்கொண்டிருந்தால் 1453-ல் அந்த மதிலுக்குள்ளே இருந்திருப்பார். பிற்பாடு செரெஸ் பக்கம் யெஷெவோ என்ற ஊரில் மெஹ்மெத் கொடுத்த நிலத்தில் வாழ்ந்தார். வெனிஸும் துருக்கியும் போரிட்டபோது தூதர்கள் இவர் வீட்டு வாசலில் நின்றார்கள். கணவனை இழந்த கதரினாவும் அங்கேயே வந்து சேர்ந்தார். படத்தில் பட்டாடையோடு நிற்கிற ரெண்டு பெண்களும் வயசான காலத்தில் ஒரே ஊரில். மாரா 1487-ல் இறந்தார்.

இதையெல்லாம் ஸ்மெடெரெவோவிலிருந்து பெல்கிரேட் திரும்பும் பேருந்தில் நம்மாளுக்கு ஒண்ணுவிடாமச் சொன்னேன். பொறுமையாக் கேட்டான். வூக் நிக்கோபோலிஸுக்குப் போகலைங்கிற விஷயம் அவனுக்கே புதுசு. "ஸ்கூல்லயும் இப்பல்லாம் அவன் துரோகி இல்லன்னுதான் சொல்றாங்க" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துட்டு, "ஆனா எங்க பாட்டி பாடிக் கேட்டிருக்கேனே" என்றான்.

நேத்து மறுபடி மேட்ச். மறுபடி அதே ஆள் கோல் போட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் கதவைத் தட்டி, "திட்டறதுக்கு வேற ஒரு பேர் சொல்லேன்" என்றான்.