படைக்கு உரியவர் யார்?

படை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? துப்பாக்கி ஏந்தி அணிவகுத்து நிற்கும் வீரர் கூட்டமே. அவ்வீரருக்குச் சோறு சமைத்தவரும், தண்ணீர் சுமந்தவரும், ஆற்றுக்குப் பாலம் கட்டியவரும் அக்காட்சியில் இடம்பெறுவதில்லை. நம் முன்னோர் இவ்வாறு மறந்தாரில்லை. புறநானூற்றுப் புலவர் பொன்முடியார், ஓர் இளைஞனைப் போர்வீரனாக்கும் கடமையை எண்ணிச் சொல்லுமிடத்தில், தாய், தந்தை, அரசன் ஆகியோரோடு வேல் செய்து தரும் கொல்லனையும் சேர்த்தே எண்ணுகின்றார். வீரத்தில் கொல்லனுக்கும் பங்கு உண்டு என்பது அவர் கருத்து.

1970-ஆம் ஆண்டளவில், நான் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊரில் முதியவர் ஒருவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா வரை சென்று மீண்டவர். மாலை வேளைகளில் சிறுவர்களாகிய நாங்கள் அவர் வீட்டுத் திண்ணையைச் சூழ்ந்துகொள்வோம். ஒருநாள் எங்களுள் ஒருவன், "தாத்தா, போரிலே எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டான். அவர் சற்றும் தயங்காமல், "நான் சுட்டது சப்பாத்திதான், தம்பிகளா" என்றார். அவர் சாப்பர் படையில் சமையற்காரராய் இருந்தவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் உடன் சிரித்தார். பின்பு உள்ளே சென்று, துணியில் முடிந்து வைத்திருந்த பித்தளைச் சின்னம் ஒன்றை எடுத்துவந்து, "இது எங்க பட்டாளத்துது" என்று காட்டினார். 'எங்க' என்ற அச்சொல்லின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. வரலாற்றைப் படித்த பிறகே விளங்கிற்று.

அம்முதியவர் பணிபுரிந்த சாப்பர் படையின் வரலாறே இதற்கு நல்ல விளக்கமாகும். 1780-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில், மூர்ஹவுஸ் என்னும் அதிகாரியின்கீழ் இரண்டு கம்பெனிகள் திரட்டப்பட்டன. அவற்றிற்குப் 'பயனியர்' என்று பெயர். படைக்கு முன்னே சென்று காடு வெட்டி வழி அமைப்பதும், பீரங்கிகள் செல்லப் பாதை சமைப்பதும், கோட்டை முற்றுகையின்போது பள்ளம் தோண்டுவதும் அவர்கள் தொழில். அவர்களுடைய படைக்கலங்கள் கோடரியும் கடப்பாரையும் மண்வெட்டியும் ஆகும். அக்காலப் போர்வீரர் கண்ணுக்கு அவர்கள் கூலியாட்களாகவே தோன்றியிருத்தல் கூடும்.

எனினும் கோட்டை மதிலுக்கு அருகில் முதலில் செல்ல வேண்டியவன் வாளேந்தியவன் அல்லன், மண்வெட்டி ஏந்தியவனே. எதிரியின் மதிலை நோக்கிக் குண்டு மழைக்கிடையே வெட்டிச் செல்லும் மறைவுப் பள்ளத்திற்குச் 'சாப்' என்று பெயர்; அதனை வெட்டுபவன் சாப்பர். 1791-இல் பெங்களூர் முற்றுகையில் மூர்ஹவுஸ் உயிர் துறந்தார். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோதும் பயனியர்கள் அங்கே இருந்தனர். போர் இல்லாத காலத்திலும் அவர்களுக்கு ஓய்வு இல்லை. நீலகிரிக்கு ஏறும் பழைய குன்னூர் மலைப்பாதையை அமைத்தவர்களும் இவர்களே. 1831-இல் 'மதராஸ் சாப்பர், மைனர் படை' என்னும் பெயர் இவர்களுக்கு வழங்கப்பட்டது. சில ஆண்டுகளில் பெங்களூர் இவர்களுக்கு நிலையான இருப்பிடமாயிற்று. எந்த ஊரின் மதிலடியில் தம் முதல் தலைவரை இழந்தார்களோ, அந்த ஊரே அவர்கள் வீடாயிற்று. 1912-இல் அங்குப் பணியாற்றிய மக்ளின்டாக் என்னும் அதிகாரி, முட்கம்பி வேலியைத் தகர்ப்பதற்கு வெடிமருந்து அடைத்த நீண்ட குழாய் ஒன்றை அமைத்தார். 'பெங்களூர் டார்பிடோ' என்ற பெயரால் உலகப் படைகள் பலவும் அதனை அறியும்.

இப்படையில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடியர் கலந்திருந்தனர். வேறு பல படைகளின் வாயில் அடைக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் பெருந்தொகையினராய் இடம் பெற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சில இனத்தாரே போருக்கு ஏற்றவர் என்னும் தவறான கொள்கை ஆங்கிலேய ஆட்சியாளரிடையே வலுப்பெற்றது. அதன் விளைவாக மதராஸ் காலாட்படை படிப்படியாகச் சுருக்கப்பட்டது. 1928-இல் அதன் கடைசிப் பட்டாளமும் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் தேவையே அதனை மீண்டும் உயிர்ப்பித்தது. ஆனால் சாப்பர் படை இடையறாமல் நிலைத்து நின்றது. ஏவல் தொழிலாகத் தொடங்கியது, நாளடைவில் குலப்பெருமை போன்றதொரு பெருமையாயிற்று. இந்தப் படையினருக்கு வழங்கும் அன்புப் பெயர் 'தம்பி' என்பதாகும். பெருந்தளபதிகள் சூட்டிய பட்டங்களைவிட இந்த உறவுச் சொல்லே நெடுங்காலம் நிலைத்தது.

1944-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் இத்தாலியில் நிகழ்ந்ததை இங்கே கூறுதல் வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், சாப்பர் படையின் பதினோராவது ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்தவர். ஃபீல்டு பார்க் கம்பெனி என்பது மற்றச் சாப்பர் கம்பெனிகளுக்குத் தளவாடமும் பட்டறை உதவியும் தரும் பிரிவாகும். அதாவது, துணைப்படைக்கும் துணைநிற்கும் படை. கண்ணிவெடிகளை அகற்றும் பணியின்போது ஒரு வெடி வெடிக்கவிருந்ததைக் கண்ட அவர், அதன்மேல் தம் உடலைக் கிடத்தி உடனிருந்தோரைக் காத்தார், தாம் மாண்டார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பெற்றது. அவர் காத்தது கோட்டையை அன்று, கொடியை அன்று. பக்கத்தில் நின்ற தோழரை. 'எங்கள் பட்டாளம்' என்பதற்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமோ?

மாணவர்களே, இதுவரை கூறியது பெருமையின் கதை. இனிக் கூறுவது குறையின் கதை. மண்வெட்டி பிடித்தவன் வீரனாக ஏற்கப்பட்டான். ஆனால் அவனுக்குச் சோறு சமைத்தவன் ஏற்கப்பட்டானா? ஆங்கிலேயர் காலத்து இந்தியப் படையில் சமையற்காரர், பிஸ்தி எனப்பட்ட தண்ணீர்க்காரர், சலவைக்காரர், முடிதிருத்துவோர், துப்புரவாளர், குதிரைக்காரர் முதலியோரைப் 'பின்செல்வோர்' என்று பொருள்படும் சொல்லால் தனியே குறித்தனர். அவர்களுக்கு ஊதியம் குறைவு, மதிப்பும் குறைவு. குண்டு மட்டும் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை.

வடமேற்கு எல்லையைச் சேர்ந்த 'கைடு' படையின் வரலாற்றில் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. 1857-இல் தில்லிப் போரின்போது ஜுமா என்னும் தண்ணீர்க்காரர், குண்டு மழையினூடே காயமுற்றோருக்கு நீர் கொடுத்துவந்தாராம். விருதுக்குரியவர் யார் என்ற வினா எழுந்தபோது, அப்படை வீரர்களே அவரைச் சுட்டிக் காட்டினராம். அதன்பின் அவர் சிப்பாயாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டு, அதிகாரி நிலைக்கும் உயர்ந்தார் என்பர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதி அவரை வெளியே நிறுத்தியிருந்தது. உடன் துன்புற்ற வீரரோ அவரை முன்பே உள்ளே ஏற்றிருந்தனர்.

எழுத்தில் ஏறாத பெயர் காலத்தால் அழிந்துவிடும். இராக் நாட்டுப் பாஸ்ராவில், முதல் உலகப் போரில் மாண்டோருக்காக 1929-இல் ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ, அவரவர் பட்டாளத்தின் பெயரின்கீழ் ஓர் எண்ணிக்கை மட்டுமே பொறிக்கப்பட்டது. சிப்பாய்க்கே அந்நிலையெனில், சுமை தூக்கியவன் நிலை என்ன? பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் 2021-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அப்போரில் மாண்ட ஆப்பிரிக்க, ஆசிய நாட்டினருள் குறைந்தது 1,16,000 பேர் பெயராலோ, அல்லது எவ்வகையாலுமோ நினைவுகூரப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. அவர்களுள் மிகப் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவில் படைக்குச் சுமை தூக்கியவர்கள். ஆணையம் அதற்காக மன்னிப்பும் கோரியது. நூறாண்டு கடந்த பின் வந்த மன்னிப்பு அது.

இன்றைய இந்திய இராணுவத்தில் சமையல், சலவை, முடிதிருத்தம் ஆகிய தொழில்களைச் செய்வோரும் படையில் முறையாகச் சேர்க்கப்பெற்று, படைப்பயிற்சி பெற்று, தத்தம் பட்டாளத்தின் சின்னத்தையே அணிகின்றனர். இது சிறிய மாற்றமன்று. ஒரு படைக்கு உரியவர் யார் என்னும் வினாவுக்கு, துப்பாக்கி ஏந்தியவர் மட்டும் என்று முற்காலத்துச் சட்டம் விடை கூறிற்று. ஒரே இடரில் நின்று, ஒரே பெயரைத் தம் பெயராகக் கொண்டவர் அனைவரும் என்பதே வரலாறு காட்டும் விடை. படைக்கு மட்டுமோ? பள்ளிக்கும் ஆலைக்கும் ஊருக்கும் இது பொருந்தும். முப்பதாண்டுக் காலத்துக்குமேல் பள்ளியில் பணியாற்றிய எனக்கு, மணி அடித்த ஊழியரும் ஆசிரியரைப் போலவே அப்பள்ளிக்கு உரியவர் என்பது தெரியும்.

ஆகவே, மாணவர்களே, போர் வரலாறு படிக்கும்போது வென்றவர் யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். வழி அமைத்தவர் யார், தண்ணீர் கொண்டுவந்தவர் யார் என்றும் கேளுங்கள். நாங்கள் அந்த முதியவரிடம் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டுச் சிரித்தோம். எத்தனை பேருக்குச் சுட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவ்வாறு கேட்கும் அறிவு எனக்கு வந்தபோது, விடை சொல்ல அவர் இல்லை.