காரணமில்லாமல்

இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்க ‘ஐசா’ என்றொரு படிவம் இருக்கிறது, 2009-இல் வந்தது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம். தாம்பரத்துக்காரர்கள் வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று சுற்றிக்கொண்டு முட்டுக்காட்டு மத்திய அரசு நிறுவனத்துக்குப் போவது இந்த மாதிரி மதிப்பீடுகளுக்கும்தான்.

படிவத்தைச் சும்மா திட்டிவிட்டுப் போக முடியாது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் நுழைந்தது, 2016 சட்டத்தில் நிலைத்தது. ஒரு சான்றிதழுக்கு அத்தனை வருஷம்.

ஆனால் உணர்ச்சிகள் பற்றிய பகுதியில் ஒரு கேள்வி இடறுகிறது: வெளிப்படையான காரணமில்லாமல் கிளர்ச்சியோ பதற்றமோ அடைகிறாரா? பதிலை ஆளைக் கவனித்து, பழகிப் பார்த்து, பெற்றோரிடம் விசாரித்து நிரப்புகிறார்கள். அப்படியென்றால் காரணம் யாருக்குத் தெரியவில்லை? பார்ப்பவருக்கா, பதறுபவருக்கா? சில சமயம் இரண்டு பேருக்குமே.

இரண்டாவது ஆளின் நிலைக்கு 1970-களின் தொடக்கத்தில் பாஸ்டனில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் பெயர் வைத்தார்: அலெக்ஸிதைமியா. கிரேக்க வேர்ச்சொற்களைச் சேர்த்தால், உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை. அவர் பார்த்தது ஆட்டிசக்காரர்களை அல்ல. மனநெருக்கடி உடல்நோயாக வெளிப்பட்டவர்களை. வலியை விவரிப்பார்கள், மனசைக் கேட்டால் முழிப்பார்கள். எரர் மெசேஜ் வருது, எந்த ஃபைல், எந்த லைன்னு வரலை.

அந்தச் சொல் ஆட்டிசத்தோடு சேர நாளானது. ஆட்டிசக்காரர்களின் உணர்ச்சிச் சிக்கல் என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி, ஆட்டிசத்தால் அல்ல, கூடவே இருக்கும் அலெக்ஸிதைமியாவால்தான் என்று ஜெஃப்ரி பேர்டும் ரிச்சர்ட் குக்கும் 2013-இல் வாதிட்டார்கள். 2019-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது இருந்தது. மற்றவர்களில் சுமார் 5 சதவீதம். எல்லாருக்கும் இல்லை என்பதும் இதில் முக்கியம். ‘இவங்களுக்கு ஃபீலிங்ஸே கிடையாது’ என்ற பழைய பேச்சு அங்கேயே விழுந்துவிடுகிறது.

நம்ம மரபும் வெளியிலிருந்துதான் பார்த்தது. தொல்காப்பியம் எட்டு உணர்ச்சிகளை அடுக்கி, அவற்றுக்கு வைத்த பெயர் மெய்ப்பாடு, மெய்யில் தெரிவது. கண்ணாலும் காதாலும் நுட்பமாக உணர்பவர்களுக்குத்தான் அது பிடிபடும் என்று அந்த இயல் முடிகிறது. உடம்புக்குச் சொந்தக்காரருக்கே பிடிபடாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழவில்லை, எழ வேண்டிய அவசியமும் இல்லை. அது செய்யுளுக்கான இலக்கணம்.

கிளினிக்கில் எழ வேண்டும். மனச்சோர்வுக்கான கேள்வித்தாள்கள் ‘மனசு சோர்வா இருக்கா?’ என்றும் கேட்கின்றன. அலெக்ஸிதைமியா உள்ளவர் உண்மையாகவே ‘இல்லை’ என்பார். மதிப்பெண் குறையலாம், வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடும். தூக்கம் போயிருக்கும், குளிக்காமல் நாலு நாள் ஆகியிருக்கும்.

தமிழில் பயத்தையே ‘வயித்தக் கலக்குது’ என்கிறோம், துக்கத்தை ‘நெஞ்ச அடைக்குது’ என்கிறோம். மற்றவர்களுக்கு அது உவமை. இவர்களுக்கு அது மட்டும்தான் தகவல். குரோம்பேட்டையில் ஏதாவது ஒரு டாக்டரிடம் அப்படியே சொன்னால் கேஸ் மாத்திரை எழுதுவார். வயிறு எப்போதிலிருந்து கலக்குது, அதற்கு முன்னாடி என்ன நடந்தது, யார் வந்தார்கள், என்ன சத்தம் என்று கூட உட்கார்ந்து கேட்க ஆள் இருந்தால், அரைமணி நேரம் கழித்து ‘பயம்’ என்ற சொல் வரலாம். மறுநாள்கூட வரலாம்.