இருபது கொண்டை ஊசி வளைவுகள்: ஏற்காட்டுச் சாலை யாருக்காக வந்தது?



ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சேலம் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் பக்கம் போனால், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிளில் மலையேறும் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம்.

பஸ்ஸில் போறவங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "இதை எப்படித்தான் மிதிச்சு ஏறுறாங்களோ"னு ஆச்சரியப்படுவாங்க.

அதற்குப் பதில் பாதி அவர்களின் தொடையில் இருக்கிறது. மீதிப் பாதி அந்தச் சாலையின் வரலாற்றில் இருக்கிறது. அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு சுமார் 20 கிலோமீட்டர். ஏறும் உயரம் ஆயிரம் மீட்டர் சொச்சம். அதாவது 100 மீட்டர் முன்னே போனால் சராசரியாக 5 மீட்டர் மேலே போகிறோம். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

மலைச்சாலை ஏன் இப்படி வளைந்து வளைந்து போகுது? நேராப் போனா சீக்கிரம் போயிடலாமே?

மோட்டார் வருவதற்கு முன் மலைச்சாலை போட்டவர்கள் மாட்டையும் குதிரையையும் மனதில் வைத்துத்தான் சரிவைத் தீர்மானித்தார்கள். ஒரு டன் பாரமுள்ள வண்டி 5 சதவீதச் சரிவில் ஏற, சமதளத்தில் இழுப்பதைவிடக் கூடுதலாக 50 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். சரிவு 10 சதவீதமானால் அது 100 கிலோ. மாடு முட்டி போட்டுவிடும். அதனால் சாலையை நீட்டினார்கள், மடக்கினார்கள், சரிவைக் குறைத்தார்கள்.

மாட்டுக்காக வந்த அந்த இலக்கணம்தான் இன்று சைக்கிள்காரரைக் காப்பாற்றுகிறது.

சரி, சாலைக்கு முன் அங்கே யார் இருந்தாங்க?

சேர்வராயன் மலையின் மக்கள் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்களின் வாய்மொழி மரபு.

அவர்களின் சாமிதான் சேர்வராயன். சுமார் 5,300 அடி உயரத்தில், மலையின் உச்சியில் குகைக்கோயில். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகைக்கும் காவிரிக்கும் தொடர்பு உண்டு என்பது நம்பிக்கை. நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும்; திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலைத்தொடரில் பிறந்து காவிரிக்குத்தான் போகின்றன. மலையின் பெயரே இந்தச் சாமியின் பெயர்தான். அதைத்தான் வெள்ளைக்காரர்கள் 'ஷெவராய்' ஆக்கினார்கள்.

இந்த மக்களுக்கும் பாதை இருந்தது. ஓடையை ஒட்டி, காட்டை ஊடுருவி, நேராக ஏறும் ஒற்றையடிப் பாதை. சரிவைப் பற்றி யாரும் கணக்குப் போடவில்லை. சுமந்தது மனிதத் தலையும் தோளும்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாளராக தாமஸ் மன்றோ.

இங்கே ஒரு திருத்தம். "1842-ல் கவர்னர் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்"னு பல சுற்றுலாத் தளங்களில் இருக்கும். மன்றோ 1827-லேயே காலராவில் இறந்துவிட்டார். அதோடு, மக்கள் குடியிருக்கும் மலையைக் 'கண்டுபிடிக்க' என்ன இருக்கிறது?

மலையை மாற்றியவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன். காபிச் செடியை அவர்தான் கொண்டுவந்தார். காபித் தோட்டங்கள் பெருகின. மூட்டைகள் கீழே இறங்க வேண்டும், ஆட்கள் மேலே ஏற வேண்டும். சாலைக்குத் தேவை வந்தது.

இன்னொரு காரணம் என் துறை சார்ந்தது.

மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதற்கான ஆதாரத்தை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டில். அதற்கு முன் நெடுங்காலம் காய்ச்சலுக்குக் காரணம் தாழ்நிலத்தின் 'கெட்ட காற்று' என்றே மருத்துவர்கள் நம்பினார்கள். ஆகவே மலையேறிப் போய்த் தங்குவது அன்றைக்கு ஒரு மருந்துச் சீட்டு. ஊட்டி போன்ற மலைவாசஸ்தலங்கள் அப்படித்தான் வளர்ந்தன.

அந்த மருந்துச் சீட்டு யாருக்கு? துரைமார்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும். சாலை சீராகும் முன் அவர்கள் மட்டக்குதிரையில் ஏறினார்கள், இல்லையென்றால் டோலியில். டோலியைத் தூக்கியது நம்ம ஊர்த் தோள்கள்.

பின்னாளில் கோயிலைச் சுற்றியுள்ள மலைப்பகுதியில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். காபி, கனிமம், சுற்றுலா. ஒவ்வொன்றுக்கும் மலையில் வழி கிடைத்தது.

இப்போ சைக்கிளுக்கு வருவோம்.

சங்கிலி வைத்து, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ள நவீன சைக்கிள் 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' மூலம் வெற்றி பெற்றது. 1888-ல் டன்லப்பின் காற்றடைத்த டயர். 1949-ல் நம்ம அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ்.

நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸில் கியர் கிடையாது. மேடு வந்தால் இறங்கித் தள்ளணும். டூர் டி பிரான்ஸ் போட்டியிலேயே சங்கிலி மாறும் கியரை 1937-ல்தான் அனுமதித்தார்கள்.

கியர் செய்வது என்ன? உங்களுக்குக் கூடுதல் பலம் தருவதில்லை. மொத்த வேலையைச் சின்னச் சின்னத் தவணைகளாகப் பிரிக்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ, ஏற்றம் 1,000 மீட்டர், நேரம் 2 மணி என்றால் சுமார் 110 வாட். இரண்டு பெரிய பல்ப் எரியும் சக்தி. கொஞ்சம் பழகிய உடம்பால் முடியும். செலவு சுமார் 800 முதல் 900 கிலோகலோரி.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் பரிசோதனை செய்துகொண்டு, சமதளத்தில் பழகிவிட்டு ஏறுங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் அடுத்த வளைவு வரை பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள். இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்.

இப்போது இதே 5 சதவீதக் கணக்கை இன்னொரு மலைக்குக் கொண்டுபோகிறேன்.

வேலூர் மாவட்டம் அல்லேரி மலை. அங்கும் மலையாளி பழங்குடியினர்தான். 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வழியிலேயே குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது, சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. தாய் அந்த உடலைக் கையில் சுமந்து மலையேறினார்.

பாம்புக்கடிக்கு மருந்து விஷமுறிவு ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் ஊசி இருக்கும் இடத்துக்கும் கடிபட்டவருக்கும் நடுவில் இருக்கும் நேரத்துக்கு எங்களிடம் ஊசி இல்லை.

சட்டம் தடுக்குதா? 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), பழங்குடி கிராமத்துக்குச் சாலை போடக் காட்டு நிலத்தைத் தர அனுமதிக்கிறது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல்.

நல்ல பிரிவுதான். ஆனால் 1 ஹெக்டேரில் 4 மீட்டர் அகலச் சாலை இரண்டரை கிலோமீட்டர்தான் வரும். 500 மீட்டர் உயரமுள்ள ஊருக்கு ஏற்காடு மாதிரி 5 சதவீதச் சரிவில் சாலை போட 10 கிலோமீட்டர் வேண்டும். அதாவது 4 ஹெக்டேர். அதற்கு மேல் போனால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் அனுமதி. கோப்பு நகரும் வேகம் நமக்குத் தெரியும்.

காடு வேண்டாம்னு சொல்லலை. காடு இருந்தால்தான் ஆறு. ஆனால் காபி மூட்டைக்காக அன்று இதே மாதிரி காட்டில் சரிவு பார்த்து, வளைவு பார்த்துச் சாலை வந்ததே. கர்ப்பிணிக்கும் பாம்பு கடித்த குழந்தைக்கும் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

அன்று டோலியில் மலையேறியவர்களுக்குச் சாலை கிடைத்தது. இன்றும் நம் மலைகள் சிலவற்றிலிருந்து நோயாளிகள் டோலியில்தான் இறங்குகிறார்கள்.

ஏற்காட்டுக்குச் சைக்கிளில் போங்க. ஏரியோடு நிற்காமல் சேர்வராயன் கோயில் வரைக்கும் மிதிங்க. கோயில் வாசலில் மூச்சு வாங்கி நிற்கும்போது, அந்தச் சாமியைக் கும்பிடும் மக்களின் சொந்தக்காரர்கள் இன்னொரு மலையில் எதில் ஏறி இறங்குகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிங்க.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்.