ஏரியைத் தொலைத்த கோட்டை

இங்கிலாந்தில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் முதல் வாரம் வரை நீளும். அந்த ஆறு வாரமும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கிளம்பிப் போகும் இடங்களில் பழைய கோட்டைகளுக்குத் தனி இடம் உண்டு. கட்டுசோற்றுக் கூடையும் போர்வையுமாகக் காலையில் போனால் மாலையில்தான் திரும்புவார்கள். பிள்ளைகள் மரவாள் சுழற்றுவார்கள். இரும்புக் கவசம் பூண்டவர்கள் குதிரை மேல் வந்து ஈட்டியால் மோதுவார்கள். வல்லூறு பறக்கவிடுவதும் வில் விடப் பழக்குவதும் உண்டு.

இதெல்லாம் வரலாறா என்று முகம் சுளிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வாரம் கெனில்வொர்த் கோட்டையை எடுத்துக்கொண்டேன். ஏனென்றால், இந்தக் கோட்டைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே ஒரு கோடைக் கொண்டாட்டம்தான்.

வார்விக்ஷயர் மாவட்டத்தில், கோவென்ட்ரி நகரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது கெனில்வொர்த். செந்நிற மணற்கல்லால் ஆன கோட்டை. 1120-களில் முதலாம் ஹென்றி மன்னரின் கருவூல அதிகாரி ஜெஃப்ரி டி கிளின்டன் இதைத் தொடங்கினார். நடுவில் நிற்கும் பெருங்கோபுரத்தின் சுவர்கள் சில இடங்களில் 5 மீட்டர் கனம். பிற்பாடு ஜான் மன்னர் இங்கே ஆயிரம் பவுனுக்கு மேல் கொட்டினார். அன்றைக்கு அது பெருந்தொகை. வெளிமதிலை எழுப்பினார், ஓடைகளுக்குக் குறுக்கே அணை போட்டார். தெற்கிலும் மேற்கிலும் கோட்டையைச் சுற்றி நூறு ஏக்கருக்கு மேல் தண்ணீர் நின்றது.

அந்த ஏரி இன்று இல்லை. மாடும் ஆடும் மேயும் புல்வெளிதான் இருக்கிறது. ஆனால் அணை இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு தெற்குப் பக்கமாக உள்ளே நடந்தால், கால் வைப்பதே அந்த அணைக்கரை மேல்தான். நீளமாக, மட்டமாக இருந்ததால் பிற்காலத்தில் வீரர்கள் குதிரையில் ஈட்டிப் போட்டி நடத்தியதும் அதன் மேல்தான். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று, இடப்பக்கப் பள்ளத்தைக் காட்டி, அதில் படகுகள் மிதந்ததைச் சொல்ல வேண்டும். ஏரியை மனத்தில் நிரப்பிக்கொள்ளாமல் கெனில்வொர்த்தைப் புரிந்துகொள்ள முடியாது.

1266-இல் இந்த ஏரிதான் கோட்டையைக் காத்தது. மூன்றாம் ஹென்றி மன்னரை எதிர்த்துக் கலகம் செய்த சைமன் டி மான்ட்ஃபோர்ட் முந்தின ஆண்டு ஈவ்ஷாம் போரில் மாண்டுபோனார். அவருடைய ஆட்கள் ஆயிரம் பேருக்கு மேல் கெனில்வொர்த்துக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் அரசர் முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகளை நிறுத்தினார். செஸ்டரிலிருந்து படகுகளைக் கொண்டுவரச் செய்து ஏரி வழியாகத் தாக்கிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. போப்பின் பிரதிநிதி வந்து உள்ளே இருப்பவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைப்பதாக அறிவித்தார். உள்ளே இருந்தவர்கள் தங்களில் ஒருவனுக்கு அதே மாதிரி அங்கி மாட்டி மதில் மேல் ஏற்றி, அரசரையும் அந்தப் பிரதிநிதியையும் பதிலுக்கு விலக்கி வைத்தார்கள்! கடைசியில் அவர்களைப் பணிய வைத்தது பசியும் நோயும். டிசம்பர் நடுவில் கதவு திறந்தது. இங்கிலாந்தின் இடைக்கால வரலாற்றில் இதைவிட நீண்ட முற்றுகை இல்லை.

இனி அந்தக் கோடைக்கு வருவோம்.

1563-இல் முதலாம் எலிசபெத் ராணி இந்தக் கோட்டையை ராபர்ட் டட்லிக்குக் கொடுத்தார். மறு ஆண்டு அவரை லெஸ்டர் பிரபு ஆக்கினார். டட்லி ராணிக்கு இளமையிலிருந்தே நெருக்கமானவர். ராணியை மணக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ராணி வந்தால் தங்குவதற்கென்றே தனி மாளிகை கட்டினார், புதிய வாயில் எழுப்பினார், பூந்தோட்டம் போட்டார். 1575 ஜூலை 9 மாலையில் ராணி வந்தார். 27-ஆம் தேதி வரை 19 நாள் தங்கினார். பிரபு ஒருவர் வீட்டில் அவர் இத்தனை நாள் தங்கியது வேறெங்கும் கிடையாது.

வாயிலில் ஹெர்குலிஸ் வேடத்தில் காவலாளி. ஏரியில் மிதக்கும் தீவு ஒன்று விளக்குகளோடு நகர்ந்து வந்தது. அதிலிருந்து ஏரியின் தேவதை, ஆர்தர் மன்னர் காலம் தொட்டுத் தான் காத்துவந்த நீரை ராணிக்கு அர்ப்பணிப்பதாகச் சொன்னாள். அது முன்பே தன்னுடையது என்றல்லவா நினைத்திருந்தேன் என்றாராம் ராணி. ராணி இருந்த நாளெல்லாம் பெருங்கோபுரத்துக் கடிகாரத்தின் முள்ளை இரண்டு மணியில் நிறுத்தி வைத்தார்கள். அது விருந்து நேரம்.

வெயில் கடுமை. ராணி மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வேட்டைக்குக் கிளம்பினார். ஒருநாள் திரும்பும் வழியில், உடம்பெல்லாம் பாசியும் கொடியும் சுற்றிய காட்டு மனிதன் ஒருவன் எதிரே வந்து கவிதை சொன்னான். வேடத்தில் இருந்தவர் கவிஞர் ஜார்ஜ் காஸ்காயின். பணிவைக் காட்டக் கைத்தடியை முறித்து எறிந்தார். ஒரு துண்டு தெறித்து ராணியின் குதிரைத் தலையை ஒட்டிப் போக, குதிரை மிரண்டது. எல்லாரும் உறைந்துபோன நேரத்தில், அடி ஒன்றும் இல்லை என்று ராணியே சொல்லிச் சமாளித்தார்.

வாணவேடிக்கை, இத்தாலிய வித்தைக்காரரின் கரணம், வயிற்றுக்குள் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசித்த ராட்சத டால்பின் எல்லாம் உண்டு. 13 கரடிகளைக் கட்டி நாய்களை ஏவிய கொடூரமும் உண்டு. அதை விளையாட்டு என்று எழுதக் கை வரவில்லை. எனக்குப் பிடித்தது கோவென்ட்ரிக்காரர்களின் நாடகம். டேனியர்களை ஆங்கிலேயர் வென்ற கதையை அவர்கள் ஆண்டுதோறும் ஊரில் நடித்துவந்தார்கள். போதகர்களின் எதிர்ப்பால் அது நின்றுபோயிருந்தது. கேப்டன் காக்ஸ் என்ற கொத்தனார் தலைமையில் வந்து ராணி முன்னால் அதை நடித்துக் காட்டினார்கள். ராணி முதல் தடவை சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி நடிக்கச் சொல்லிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்து, இரண்டு மானும் பணமும் பரிசளித்தார்.

இதில் நடக்காமல் போன நாடகமும் ஒன்று உண்டு. கல்யாணத்தின் மேன்மையைச் சொல்லும் நாடகத்தைக் காஸ்காயின் எழுதி, நடிகர்கள் வேடம் கட்டித் தயாராக இருந்தார்கள். அது மேடையேறவில்லை. ராணி கெனில்வொர்த்துக்கு மீண்டும் வரவும் இல்லை. மூன்றாண்டுகள் கழித்து டட்லி லெட்டிஸ் நோலிஸ் என்பவரை ரகசியமாக மணந்தார். 1575 விருந்தில் அந்த அம்மையாரும் இருந்தார்!

அடுத்த நூற்றாண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடிந்ததும் கோட்டையின் கதையும் முடிந்தது. 1649, 1650-இல் நாடாளுமன்றத் தரப்பினர் பெருங்கோபுரத்தின் வடக்குச் சுவரைத் தகர்த்தார்கள். அணையை உடைத்து ஏரியை வடித்தார்கள். இடிபாடாகக் கிடந்த இடத்துக்குக் கூட்டத்தைத் திருப்பியவர் சர் வால்டர் ஸ்காட். 1821-இல் வந்த அவருடைய 'கெனில்வொர்த்' நாவலைப் படித்துவிட்டு மக்கள் தேடி வந்தார்கள். ஆனால் நாவலை வரலாறாக நம்பிவிடக் கூடாது. அதில் 1575-இல் உயிரோடு வரும் டட்லியின் மனைவி ஏமி ராப்சார்ட், உண்மையில் 1560-இலேயே மாடிப்படி அடியில் இறந்துகிடந்தவர். 1937-இல் கார்த் தொழிலதிபர் சிட்லி கோட்டையை விலைக்கு வாங்கினார். 1958-இல் அவருடைய மகன் அதை ஊருக்கே கொடுத்தார். 1984 முதல் 'இங்கிலிஷ் ஹெரிட்டேஜ்' அமைப்பு பராமரிக்கிறது.

இன்று குடும்பங்கள் அதிக நேரம் உட்காரும் இடம் பெருங்கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் எலிசபெத் காலத் தோட்டம். இது திரும்பக் கிடைத்தது ஒரு சாதாரண மனிதரின் ஆவலால். அரசவை அறையின் வாயில் காப்பாளர் ராபர்ட் லாங்கம். ராணி வேட்டைக்குப் போயிருந்த நேரத்தில் ஏட்ரியன் என்ற தோட்டக்காரர் அவரை உள்ளே விட்டார். கண்டதையெல்லாம் லாங்கம் லண்டன் நண்பருக்கு எழுதினார்: பறவைக்கூண்டு, பளிங்கு நீரூற்று, செடிகளுக்கு நடுவே பழுத்த ஸ்ட்ராபெர்ரி. வேடிக்கை பார்ப்பவர் மேல் திடீரென்று தண்ணீர் பீய்ச்சும் குழாயும் இருந்ததாம். கடிதத்தை எழுதியவர் லாங்கம்தானா என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் அகழாய்வில் எண்கோண வடிவ நீரூற்று அடித்தளமும் இத்தாலியக் கராரா பளிங்குச் சில்லுகளும் கிடைத்தபோது, கடிதத்தின் பேச்சு மெய்யானது. தோட்டத்தை மறுபடி அமைத்து 2009-இல் திறந்தார்கள்.

ஆகவே, அணைக்கரை மேல் மரவாளோடு ஓடும் பிள்ளையைக் கெனில்வொர்த்துக்கு அந்நியமாக நான் நினைக்கவில்லை. வேஷம் கட்டுவதும் வேடிக்கை காட்டுவதும் இங்கே 450 ஆண்டுப் பழக்கம். அன்றைக்கு ஒரு பெண்மணிக்காக நடந்தது, இன்று சீட்டு வாங்கிய எல்லாருக்கும் நடக்கிறது. அது நல்ல மாற்றம். விளையாட்டோடு நிறுத்திவிடுவதுதான் குறை.

மகனையோ மகளையோ பார்க்கக் கோடையில் இங்கிலாந்து போகும் நம் பெற்றோர் நிறைய. பேரப் பிள்ளைகளோடு கெனில்வொர்த் போனால், ஈட்டிப் போட்டி முடிந்ததும் மேற்குப் புல்வெளிப் பக்கம் இறங்கிப் போய், கோட்டையைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள். 1266-இல் அரசரின் படகுகள் வந்ததும், 1575-இல் டால்பின் மிதந்ததும் நீங்கள் நிற்கும் இடத்தில்தான்.

(தொடரும்)